இரட்டை விண்மீனும் நடுவரின் நகைச்சுவையும்

திரையில் ஓர் ஒளிக்கோடு. சமமாக ஓடி, ஓரிடத்தில் பள்ளமாக இறங்கி, மீண்டும் ஏறியது. சிதம்பரத்தில் ஆய்வு மாணவியாக இருந்த என் அண்ணி, கடலூர் மண்டபமொன்றில், எங்கள் பட்டிமன்றம் தொடங்குமுன் கிடைத்த சிறு பொழுதில் அதை விளக்கிக்கொண்டிருந்தார். நடுவரிடம் அந்த வாய்ப்பைக் கேட்டு வாங்கியவன், அவர் குழுவில் பேச்சாளனாக இருந்த நான். மலைமேல் உள்ள வானாய்வகத்தில் அண்ணிக்குத் தொலைநோக்கி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தனியே அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. “சபையில பேசும்மா, கேட்டுட்டு சொல்றேன்” என்று சொல்லி, முன்வரிசையில் வந்து அமர்ந்திருந்தார்.

அண்ணி தெளிவாகவே பேசினார். ஒரே மேகத்தில் ஒன்றாகப் பிறந்தவை ஒரு கொத்தின் விண்மீன்கள். வயதும் தொலைவும் ஒன்றே. அவற்றுள் ஒரு புள்ளி மட்டும் தன் நிறத்துக்கு மிஞ்சி ஒளிர்ந்தால், அது ஒன்றன்று, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்று ஐயுறலாம். ஒன்று மற்றொன்றை மறைக்கையில் ஒளி குறைந்து, திரையில் கண்டதுபோல் பள்ளம் விழுமானால் ஐயம் தீர்ந்தது. அப்பா தலையசைத்தார். மலைப்பயணம் உறுதி என்றே எண்ணினேன்.

நடுவர் ஒலிவாங்கியை இழுத்தார். “அதாவது, பொண்டாட்டி குறுக்க வந்தா புருஷன் இருண்டுபோயிடுவான்! இதுக்கு எதுக்கும்மா தொலைநோக்கி? எங்க வீட்டுக்கு வா, தினமும் கிரகணம்தான்!” மண்டபம் அதிர்ந்தது. அதுவும் போதவில்லை அவருக்கு. “மாமனார் வந்திருக்காராமே! ஐயா, உங்க பையன் இன்னும் வெளிச்சமாத்தான் இருக்கானா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீடு வந்ததும், “ஊரே சிரிச்சிடுச்சு. மலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்” என்றார்.

“அவுங்க என் படிப்பப் பாத்து சிரிக்கலியே, மாமா” என்றார் அண்ணி. அந்தத் தொலைநோக்கி நேரம் இன்னொரு மாணவருக்குப் போயிற்று. அண்ணி தேடிய அந்த இரட்டை விண்மீன்கள் இன்று அந்த மாணவர் பெயரிலேயே அச்சில் இருக்கின்றன.

சொல்லாற்றல் என்று நான் செருக்கோடு பயின்ற கலை இதுதானா? கணவன் மனைவி என்னும் ஒரே எச்சில் இலையை ஊர் ஊராக விரித்து, அதையே விருந்தென்று பரிமாறுகிறோம். உண்பவருக்கும் கூச்சமில்லை, பரிமாறுபவருக்கும் இல்லை.

சென்ற மாதம் நடுவர் தொலைபேசியில் பரங்கிப்பேட்டை விழாவுக்கு அழைத்தார். வர இயலாது என்றேன், காரணமும் சொன்னேன்.

“என்ன தம்பி, ஒரு ஜோக்குக்காகவா மேடையை விடுற?”

“எங்க அண்ணி அந்த ஜோக்கால மலையையே விட்டாங்க, ஐயா.”

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அடடா, பிரமாதம் தம்பி! பரங்கிப்பேட்டையில இத நான் சொல்லிக்கட்டுமா?”