அப்பாவின் மொட்டை

சிங்கப்பூர் திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். இன்று மலேசியாவின் பகாங்கில், நான் பிறந்த தங்கச்சுரங்க ஊரின் குன்றில் மரபுநடை போனேன்.

சுரங்கத்தின் பழைய கேட் அருகே வழிகாட்டிப் பெண் சொன்னார்: "வேலை முடிஞ்சு வர்றவங்க தலைமுடியில தங்கத்தூள் இருக்கான்னு இங்கதான் கிளறிப் பார்ப்பாங்க. அந்த அவமானம் வேண்டாம்னே பல பேர் மொட்டை போட்டுக்கிட்டாங்க லா."

அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா எப்போதும் மொட்டை. கேட்டால், முருகனுக்கு வேண்டுதல் என்பார்.

1960களில், சுரங்கத் தூசியால் இருமி இருமியே செத்தார். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குக் குடிவந்த பிறகு, "அப்பா வேண்டுதல் முடியலையே" என்று அம்மா தைப்பூசந்தோறும் எனக்கு மொட்டை போட்டார். அம்மா போன பிறகும் நான் விடவில்லை.

மார்சிலிங்கில் இருக்கும் தங்கைக்கு போன் செய்து சொன்னேன்.

"அம்மாகிட்ட இத யாருண்ணே போய்ச் சொல்றது?" என்றாள்.

வருகிற தைப்பூசத்துக்கு இந்த எழுபது வயதுத் தலையை என்ன செய்ய? நீங்களே சொல்லுங்கள்.