மிளகின் மேல் ஓடிய ரோலர்

காசிமாயனுக்கு அறுபத்து மூன்று வயது. போடியில் ஒரு கிளப்புக்குப் பதினான்கு வருடம் டென்னிஸ் டைரக்டராக இருந்தார். அந்தப் பதவி ஒரு ஜனவரிக் காலையில் போயிற்று.

ராசிங்காபுரத்து விவசாயக் குடும்பம். மதுரையில் கல்லூரி படிக்கும்போது பிடித்த ராக்கெட்டைப் பிறகு அவர் கீழே வைக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தபோது, சனிக்கிழமை ஆனால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையிறங்குவார், ஆடிவிட்டுப் போவார். எஸ்டேட் வேலையை விட்டதும் கிளப் அவரை டைரக்டராக்கியது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான மாநிலக் கோப்பையை இரண்டு முறை கொண்டுவந்தார்.

ஊரில் அவருக்கு மரியாதை இருந்தது, பிரியம் இல்லை. செருப்போடு கோர்ட்டில் கால் வைத்த டாக்டரை நாலு பேர் முன்னால் வெளியே போகச் சொன்னார். சர்வீஸ் போடத் திணறுகிறவரைப் பார்த்து, "பந்தி அந்தப் பக்கம், கைகழுவிட்டு உக்காருங்க" என்பார். அவர் மதித்தது அந்தச் செம்மண் தரையை மட்டும்தான். அதற்குத் தினமும் தண்ணீர் தெளித்து ரோலர் போட வேண்டும். ஒரு வாரம் விட்டால் வெடித்துவிடும். பிப்ரவரியில் அவர் நடத்தும் சீனியர் போட்டிக்கு மூணாறிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வந்தது அந்தத் தரைக்காகத்தான்.

கிளப் தலைவர் வெள்ளைத்துரையும் சீனியர் ஆட்டக்காரர்தான். அவருக்கு மலையில் மிளகுத் தோட்டம். மேலே பனிமூட்டத்தில் மிளகு சரியாகக் காயாது. போடி வெயிலுக்கு இறக்கியாக வேண்டும். அந்த வருடம் அவர் கண் கோர்ட்டின் மேல் விழுந்தது.

"நாலு கெழடுக எட்டு மணிக்கெல்லாம் பந்தடிச்சிட்டுப் போயிர்றோம். அப்பறம் பகலெல்லாம் வெயிலு சும்மாதான கெடக்கு, மாப்ளே?"

"ஒங்க வீட்டு மொட்டமாடியில போடுங்க, தலைவரே."

"அங்க சோலார் போட்டுட்டேன்ல."

"அப்ப சோலார்லயே வறுத்துக்கங்க. இங்க ஒரு மணி மிளகு விழுந்தாலும் ரோலர் நிக்காது."

வெள்ளைத்துரை சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில் கோர்ட் முழுக்கத் தார்ப்பாய், அதன்மேல் மிளகு. வலையைக் கழற்றிச் சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

தரையைப் பராமரிக்கும் சோலை ரோலர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணே, எடுக்கச் சொல்லி ஒரு போனைப் போடுங்கண்ணே."

"மணி என்ன?"

"ஆறுண்ணே."

"ஆறு மணிக்கு என்ன சோலி நமக்கு?"

"அண்ணே, தலைவர் மிளகுண்ணே..."

சோலை கையை எடுத்துவிட்டு ஒதுங்கினார். இருவர் இழுக்கும் ரோலரைக் காசிமாயன் தனியாக இழுத்தார். முழங்கால் கத்தியது. முதல் நடையில் மிளகு நொறுங்கிய சத்தம் அவருக்கு இனித்தது. இரண்டாம் நடையில் தார்ப்பாய் கிழிந்து, மிளகு மண்ணுக்குள் போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: கெட்டது வெள்ளைத்துரையின் மிளகு மட்டுமல்ல, தன்னுடைய தரையும்தான். ஆனாலும் நிறுத்தவில்லை.

கேள்விப்பட்டு வெள்ளைத்துரை லுங்கியோடு ஓடிவந்தார். "ஏய், பைத்தியமாய்யா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"கோர்ட்டுல செருப்பு போடாதீங்க, தலைவரே."

அன்றே கமிட்டி கூடியது. டைரக்டரை நீக்க எல்லாக் கைகளும் உயர்ந்தன, டாக்டருடையது முதலில். காசிமாயனுக்காக வருத்தப்பட்டவர் சோலை ஒருவர்தான். அவருக்கு ஓட்டு இல்லை.

"இனிமே காலையில வீட்டுலயா இருப்பீங்க?" என்று கவலையோடு கேட்டார் மனைவி மகாராணி.

இருக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பூப்பாறையில் உள்ள ஓர் எஸ்டேட் கிளப்பின் செயலாளர் போன் செய்து, மலையாளத்தில் தங்கள் அணிக்கு அழைத்தார். "சாரே, ஞங்ஙளுடெ டீமிலேக்கு வரூ." காசிமாயன் அன்றே ஜீப் ஏறிப்போய்ப் பெயர் கொடுத்தார்.

பிப்ரவரி சீனியர் போட்டி வழக்கம்போலப் போடியில்தான். சோலை இன்னும் மண்ணைக் கிளறி மிளகு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். முதல் ஆட்டம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு: வெள்ளைத்துரைக்கு எதிராக, பூப்பாறை அணியின் காசிமாயன்.