மெத்தை தூக்கியது யார்?

எங்கள் சலவைக்கூடத்துக்கு விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் வரும். ஒரு ஈர விரிப்பு பெரிய எடையில்லை. அறுபது விரிப்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இயந்திரத்துக்குள் கிடந்தால் அது செத்த எருமை மாதிரி. அதை வெளியே இழுத்து வண்டியில் போடுவதுதான் அக்காவின் வேலை. பத்தொன்பது வருஷம் இழுத்தார். எனக்குச் சொந்தமில்லை, கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்த மேற்பார்வையாளருக்கும்கூட.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூட்டை பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். மூட்டை அசையவில்லை. அவருடைய இடது தோளில்தான் ‘டப்’ என்று ஒரு சத்தம். மடிப்பு மேஜையில் நின்ற எனக்கே கேட்டது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லடி, சட்டை கிழிஞ்சிருச்சு போல.”

கிழிந்தது தோளுக்குள் இருந்த தசைநார் என்று ஸ்கேன் சொன்னது. அறுவை சிகிச்சை வேண்டுமாம். இழப்பீட்டுக்கு மனுப் போட்டார். இரண்டு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அதை அப்படியே என்னிடம் கொண்டுவந்தார்.

“என்னடி போட்டிருக்கான்?”

“மனுவத் தள்ளிட்டாங்கக்கா. பன்னண்டாம் தேதி காலைல நீங்க தலைல மெத்தையத் தூக்கிட்டு மாடி ஏறினீங்களாம்.”

“நானே தலை சீவிவிட ஆள் தேடிட்டு இருக்கேன். மெத்தையா?”

உறைக்குள் படமும் இருந்தது. யாரோ தெருவில் காரை நிறுத்திக்கொண்டு எடுத்தது. படியில் ஒரு பெண், தலையில் மெத்தை, இரண்டு கையும் மேலே. தெரிந்தது முதுகும் பாதிக் கன்னமும்தான். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அட, இது என் தங்கச்சி!”

அப்பாடா, வேலை முடிந்தது என்று நான் நினைப்பதற்குள் அக்கா கத்தினார்.

“அடிப்பாவி! இது என்னோட நைட்டி!”

ஊதாப் பூப்போட்ட நைட்டி. ஒன்றரை மாதம் முன்பு கொடியிலிருந்து காணாமல் போனதாம். பக்கத்து வீட்டுக்காரியை அதுவரை திட்டித் தீர்த்திருக்கிறார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அக்கா முதல் மாடி, தங்கை இரண்டாம் மாடி, ஒரே கட்டடம். ஆனாலும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. உறவினர் வீட்டில் நாலு பேர் முன்னால் தங்கை, “அக்காவுக்கு என்னைவிட ஏழு வயசு கூட” என்று சொல்லிவிட்டார். உண்மையில் ஒரு வருஷம் நாலு மாதம்தான். அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்தான் அக்கா.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. மனுவை நான் எழுதினேன். ஆனால் “மெத்தை தூக்கியது நான்தான்” என்று தங்கை நேரில் வந்து சொன்னால்தான் அதற்கு மதிப்பு. அக்கா படியேற மாட்டேன் என்றுவிட்டார். அவர் கணவர் பஸ் டிரைவர். அந்த வாரம் முழுக்க மாமா இரண்டு மாடிக்கும் நடுவே டிரிப் அடித்தார்.

“என்ன சொல்றா?”

“அன்னைக்கு ஊர்லயே இல்லையாம்.”

அக்கா மாடிப்படிக்கு வந்து மேலே பார்த்துக் கத்தினார். “ஊர்ல இல்லாதவளோட முதுகு மட்டும் இங்க எப்படி வந்துச்சு?”

மேலே கதவு சாத்தும் சத்தம். வந்தால் நைட்டியையும் ஒத்துக்கொள்ள வேண்டுமே, அதுதான் சிக்கல்.

கடைசியில் மாமாதான் ஒரு போடு போட்டார். “சரிம்மா, வராட்டிப் போ. ஒத்தை ஆளா மெத்தையத் தலைல வச்சு ரெண்டு மாடி ஏறினது அக்காதான்னு அரசாங்க ஃபைல்ல ஏறிடும். பேரு அவளுக்குப் போயிட்டுப் போகட்டும்.”

“என்னது? நான் தூக்கின மெத்தைக்கு அவளுக்குப் பேரா?”

விசாரணை நாளன்று ஒரே ஆட்டோவில் போனோம். அக்கா இந்த ஓரம், தங்கை அந்த ஓரம், நடுவில் அணைக்கட்டு மாதிரி நான்.

விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தங்கையிடம், “நீங்கதானே அக்கா?” என்றார். அக்காவின் முகத்தில் தோள்வலி இருந்த இடமே தெரியவில்லை. வழக்கில் தோற்றிருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காப்பீட்டு நிறுவனத்து வக்கீல் இன்னொரு படத்தை எடுத்து நீட்டினார். அதே ஊதா நைட்டியில் அக்கா பால் வாங்கிக்கொண்டு நிற்கிறார். “உடுப்பு இவருடையது, மேடம். மெத்தை தூக்கியதும் இவர்தான். தங்கை என்று யாரை வேண்டுமானாலும் கூட்டிவரலாம்.”

எல்லோரும் தங்கையைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

“நைட்டி அவளோடதுதான். கொடியிலேர்ந்து நான்தான் எடுத்தேன்.”

“ஏன் எடுத்தீங்க?”

“கோவத்துல எடுத்தேன், மேடம். கிழிச்சுப் போடலாம்னுதான். போட்டுப் பாத்தேன், நல்லா இருந்துச்சு.”

“உனக்கு அது இடுப்புல பிடிக்குமேடி!” என்றார் அக்கா.

“யாருக்குப் பிடிக்குது? உனக்குத்தான் பிடிச்சுது. நான் தையலப் பிரிச்சு விட்டேன்!”

“பிரிச்சியா? என் நைட்டியப் பிரிச்சியா?”

“நீ மட்டும் என் குடைய வச்சிட்டுத் தரலையே!”

“அது என் குடை! ஏழு வயசு ஏழு வயசுன்னு சொன்னியே, அன்னைக்கு நீ என்கிட்ட வாங்கிட்டுப் போய் அங்கயே போட்டுட்டு வந்த என் குடை!”

வக்கீல் நடுவில் ஏதோ சொல்லப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி, “நீங்க சும்மா இருங்க சார்!” என்றார்கள். அதிகாரி பேனாவை மூடினார்.

“போதும். இவங்க கூடப்பிறந்தவங்கதான். இதுக்கு மேல சான்று வேணுமா வக்கீல் சார்?”

பிறகு இருவரையும் கையைத் தூக்கச் சொன்னார். தங்கையின் கைகள் மின்விசிறிக்கே எட்டின. அக்காவின் இடது கை தோள் உயரத்துக்குக்கூட வரவில்லை. வலியில் உதடு மட்டும் வெளுத்தது. தங்கை சட்டென்று எழுந்து அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கிவிட்டார். “இவ்வளவுதான் வருதா? என்கிட்ட ஏன் சொல்லல?” என்று அதற்கும் சண்டைபோட்டார்.

‘டப்’ சத்தத்தைப் பற்றி நானும் சாட்சி சொன்னேன். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. சிகிச்சைச் செலவும் விடுப்புக் காலச் சம்பளமும் நிறுவனத்தின் பொறுப்பு.

அறுவை சிகிச்சைக்குப் பின் தங்கை ஆறு வாரம் அக்கா வீட்டிலேயே தங்கினார். தினமும் இரண்டு சண்டை. மாமா அந்த மாதம் கேட்டுக் கேட்டு ஓவர்டைம் வாங்கினார். இனி மூட்டை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அக்காவை இப்போது துணி வாங்கும் ஜன்னலில் உட்கார்த்தியிருக்கிறார்கள். விடுதிக்காரர்கள் கறைபடிந்த விரிப்பைக் கொடுக்கும்போது, “இது எப்படி ஆச்சு?” என்று நிதானமாக விசாரிக்கிறார். முழுக்கதையும் கேட்காமல் ரசீது போடுவதில்லை.