மீன்தோல் பூண்ட குழாய்

என் உழைப்புக்காலம் முழுவதும் ஆய்வுகூடத்தில் ஒரே வினாவோடு கழிந்தது: நெகிழிக் குழாயைக் குருதி அயலெனக் கருதாதிருக்க, அதன் மேற்பரப்பை எவ்வாறு மாற்றுவது? வெறும் நெகிழியைத் தொட்டவுடன் குருதியின் புரதங்கள் அதில் ஒட்டுகின்றன. அவற்றைப் பற்றிக்கொண்டு குருதி உறைந்து உறைகட்டியாக வளர்கிறது. நீரை விரும்பும் நுண்ணிழைகளை அப்பரப்பில் வேரூன்றச் செய்தால், அவை நீர்ப்படலமொன்றைப் பிடித்துவைக்கும். குருதி நெகிழியைத் தீண்டாமலே கடந்துவிடும். வேரூன்றச் செய்யும் முறையில் ஒரேயொரு படி எங்கள் குழுவினுடையது. அந்த ஒரு படியில் எனக்குக் குறையாத பெருமிதம் உண்டு.

எங்கள் கடலோர ஊரான சல்லியில் படகு வைத்திருந்த என் தமையனாருக்கு இதை விளக்க ஒருபோதும் இயன்றதில்லை. "பைப்புக்குப் பெயின்ற் அடிக்கிறவன்" என்றே ஊரில் என்னைப்பற்றிக் கதைப்பார்.

சென்ற ஆண்டு அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. குருதியைச் சுத்திகரிப்பதற்காகக் கழுத்து நாளத்தில் வைத்த குழாய் உறைகட்டியால் அடைபட்டது. எங்கள் முறையில் மேற்பரப்பு மாற்றப்பட்ட வேறொன்றை வைக்கலாம் என்றார் மருத்துவர். தமையனார் இணங்கவில்லை. மறுத்தால் எஞ்சுவன சில நாள்களே என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.

"ஏலாது தம்பி. பிளாஸ்டிக் எண்டால் பிளாஸ்டிக்தான். ஒருக்கா அடைச்சது திரும்பவும் அடைக்கும்."

புரதம், நீர்ப்படலம் என்று தொடங்கினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். வேறு வழியின்றிப் பேச்சைக் கடலுக்குக் கொண்டுசென்றேன்.

"அண்ணை, போட்டின்ர அடியில ஏன் சிப்பி பிடிக்குது?"

"கடலில கிடந்தால் எதிலயும் பிடிக்கும். கல்லு, மரம், கண்ணாடிப் போத்தில்கூட."

"பாரை மீனில?"

கண்களைத் திறந்தார். "உயிர் மீனில எப்பிடிப் பிடிக்கும்? அதின்ர மேலெல்லாம் வழுவழுப்பு."

"அந்த வழுவழுப்பு மாதிரி ஒண்டைத்தான் நாங்கள் குழாயில கட்டினனாங்கள்."

"மீன்தோல் செய்தனீ எண்டு முந்தியே சொல்லியிருக்கலாமே. நான் ஊரெல்லாம் பெயின்ற் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்." பின்னர், "சரி, வைக்கச் சொல்லு" என்றார்.

வாரங்கள் கடந்தன, குழாய் அடைபடவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் பெரியவர், தமக்கும் அதே குழாயை வைக்கப்போவதாக அறிந்து, அதுவும் அடைபடுமோ என்று கலங்கினார்.

"பயப்பிடாதேங்கோ நானா. இது என்ர தம்பி செய்தது" என்று அவரை அண்ணன் முறையில் அழைத்துத் தேற்றினார் தமையனார்.

"சும்மா கதையா?"

"நீயே சொல்லன் தம்பி."

அக்குழாயை வார்த்தவன் நானல்லன். பலநாட்டார் பல்லாண்டு உழைத்த பணியில் எங்களது ஒரு படி மட்டுமே. வாழ்நாளெல்லாம் துல்லியத்தைப் பேணிய நான் அதைச் சொல்ல வாய்திறந்தேன். இரு கட்டில்களிலிருந்தும் இரு முகங்கள் என்னையே நோக்கியிருந்தன.

"ஓம்" என்றேன்.