அம்மா செய்யாத கொலை

கோவில்பட்டியில் கழுகுமலை ரோட்டில் இருந்த ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி வீட்டில் என் அம்மா சமையல் வேலை பார்த்தாள். அப்பா இறந்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். முதலாளி காலமாகி, மகன் தலையெடுத்து, அவருக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்தது வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது அவள்தான். முதலாளியின் மனைவியைப் பெரியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அம்மா கை வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சாயங்காலம் பனங்கற்கண்டு போட்டுப் பால் ஆற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகுதான் அம்மா வீட்டுக்குக் கிளம்புவாள்.

கடைசிச் சில வருஷங்களாகப் பெரியம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. இறந்துபோன கணவரை இன்னும் சாப்பிட வரவில்லையே என்பார். பெற்ற மகனையே யாரோ வெளியூர் ஆள் என்று நினைத்து, "அண்ணாச்சி, உக்காருங்க" என்பார். அம்மாவை மட்டும் அவருக்கு மறக்கவில்லை. "ஏட்டி, எங்கன போன? இங்கன வந்து உக்காரு" என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. "பெத்த பிள்ளைய மறந்துட்டாவ, என்னைய மறக்கல பாத்தியா" என்று என்னிடம் சொல்வாள்.

அந்த வீட்டைத்தான் சினிமா எடுக்கக் கேட்டு வந்தார்கள். தேக்குத் தூண்களும் கலர் கண்ணாடி சன்னல்களும் இருந்த பழைய வீடு அது. வெள்ளைக்காரன் காலத்து ஜமீன் குடும்பத்துக் கதை என்றார்கள். ஒரு நாள் காலையில் ஜமீன்தார் கட்டிலில் செத்துக் கிடக்கிறார். வீட்டுக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள், வேலைக்காரர்கள், எல்லோர் மேலும் சந்தேகம். இவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

சமையற்காரியாக நடிக்க வந்த பெண்ணுக்குக் கரிசக்காட்டு வெயில் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் வந்துவிட்டது. அடுப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்த டைரக்டர், "இவங்களே இருக்காங்களே" என்றாராம். கண்டாங்கிச் சேலை கொடுத்து ரவிக்கை இல்லாமல் கட்டிக்கொள்ளச் சொன்னதற்கு, "அப்படின்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்றாள் அம்மா. கடைசியில் நீளக்கை ரவிக்கைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

துண்டு துண்டாகத்தான் எடுத்தார்கள். பாலை ஆற்றச் சொன்னார்கள். கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னார்கள். பிறகு வெறும் சுவரைக் காட்டி, அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள்.

"சொவத்தப் பாத்து எதுக்குத் தாயி சிரிக்கணும்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"சும்மா சிரிங்கம்மா. உங்க பொண்ண நெனச்சுக்கோங்க" என்றிருக்கிறாள் உதவி டைரக்டராக இருந்த பெண். அம்மா என்னை நினைத்துக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை எனக்குச் செய்தும் காட்டினாள்.

படம் வந்ததும் நாங்கள் இருவரும் தியேட்டருக்குப் போனோம். இடைவேளை வரை அம்மா இரண்டு முறைதான் திரையில் வந்தாள். நான் ஒவ்வொரு முறையும் அவள் தோளைத் தட்டினேன். ஆனால் முடிவில் துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் நிறுத்திவைத்துப் பேசப் பேச, திரை முழுக்க அம்மாவின் முகம் வந்தது. படத்தில் அவள் மகளைக் கெடுத்தவர் அந்த ஜமீன்தார். பழிவாங்கக் காத்திருந்து பாலில் விஷம் கலந்தவள் அவள். பால் ஆற்றுகிறாள், கதவைச் சாத்துகிறாள், செத்துக் கிடப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்னை நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. குரல் வேறு யாருடையதோ. தியேட்டரில் விசில் பறந்தது.

அம்மா என் காதருகே வந்து, "ஏட்டி, நானா கொன்னேன்?" என்றாள்.

முதலில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர், "வாங்க, இன்னைக்கு யாருக்குப் பாலு?" என்பார். நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையிலும் அதே கேலி. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "எனக்கே தெரியாம ஒரு கொலையப் பண்ணிட்டேன்" என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கொஞ்ச நாளில் அந்தப் படம் டிவியிலும் பார்க்கிற மாதிரி வந்துவிட்டது. தன் வீட்டையே படத்தில் பார்த்தால் பெரியம்மா சந்தோஷப்படுவார் என்று முதலாளி மகன் கூடத்தில் போட்டிருக்கிறார். பெரியம்மா நாற்காலியில், அம்மா அவர் காலடியில். தன் கட்டிலில் யாரோ செத்துக் கிடப்பதைப் பெரியம்மா பார்த்தார். அதைப் பார்த்து அம்மா சிரிப்பதையும் பார்த்தார். அம்மாவிடமிருந்து தன் காலை மெதுவாக நகர்த்தி வைத்துக்கொண்டாராம்.

அன்று சாயங்காலம் பாலை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"இதுல என்னட்டி கலந்த?"

"பனங்கற்கண்டும்மா. நாந்தாம்மா."

"அவியளயும் நீதான கொன்ன? எனக்குத் தெரியும். அவியள நீதான் கொன்ன."

அவிய என்று அவர் சொன்னது தன் கணவரை. அம்மா அந்தப் பாலில் ஒரு மடக்கு குடித்துக் காட்டினாள். பெரியம்மா டம்ளரைத் தட்டிவிட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் மறந்திருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மகனின் பெயரை மறந்தவர், பேரனை மறந்தவர், இதை மறக்கவில்லை. அம்மா வாசல்படியில் கால் வைத்தாலே சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளி மகன் அம்மாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அம்மா இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை அவர்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேண்டாம். தப்பா நெனைக்காதீங்க. அம்மா ரொம்பப் பயப்படுதாங்க."

"நான் அடுக்களையிலயே இருந்துக்கிடுதேன் தம்பி. அவிய கண்ணுல படாம சமைச்சு வைக்கேன். வேற யாராவது கொண்டு குடுக்கட்டும்."

"பக்குவத்த வச்சே கண்டுபிடிச்சிருதாங்கக்கா. துப்பிருதாங்க."

அம்மா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னாள். அழவில்லை. "நான் வச்ச குழம்புன்னு இப்பவும் தெரியுது அவியளுக்கு" என்றாள். அதுதான் அவளை உள்ளுக்குள் கொன்றது என்று நினைக்கிறேன். பெரியம்மா அவள் கையை மறக்கவில்லை, ருசியை மறக்கவில்லை. அவற்றுக்குரியவளைத்தான் கொலைகாரி ஆக்கிவிட்டார்.

ஐப்பசி மழை வந்தது. காட்டுக்குள் கால் வைக்க முடியாதபடி கரிசல் ஒட்டியது. வேறு ஒரு சமையற்காரியை வைத்திருப்பதாகவும் பெரியம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் காய்கறிக் கடையில் யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா தினமும் சாயங்காலம் எழுந்து முகம் கழுவுவாள். பிறகு எங்கும் போகாமல் உட்கார்ந்துவிடுவாள். எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவதையே விட்டுவிட்டாள். டீ வேண்டுமென்றால் நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

மார்கழியில் ஒரு காலை, பெரியம்மா இறந்துவிட்டதாகச் சொல்லி ஆள் வந்தது. அம்மாவும் நானும் போனோம். வாசலில் யாரும் தடுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியம்மா பாதியாகிக் கிடந்தார். அம்மா பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, "அம்மா, நாந்தாம்மா. நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இனி யாருக்கும் அது கேட்கப் போவதில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

முதலாளி மகன் வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க இருந்திருந்தா ரெண்டு வாய் கூடத் தின்னிருப்பாங்கக்கா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன்.

திரும்பும்போது வெளியூரிலிருந்து துட்டி கேட்க வந்திருந்த ஒரு பெண், கையில் போனுடன் எங்களை நிறுத்தினாள். "அந்தப் படத்துல விஷம் வைக்கிறது நீங்கதான? ஒரே ஒரு போட்டோ" என்றாள். அம்மாவுக்கு என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. "ஆமா தாயி" என்றாள். நான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

முதலாளி வீட்டில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா போகவில்லை. பிறகு அவர்கள் மதுரைப் பக்கம் குடிபோனார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது.

பண்டிகை நாட்களில் டிவியில் அந்தப் படம் வரும். நான் உடனே மாற்றப் போவேன். "இருக்கட்டும், போடு" என்பாள் அம்மா. தலையைச் சற்று முன்னால் நீட்டி, படத்துக்குள் அந்த வீட்டின் அடுக்களையை, தூண்களை, பெரியம்மா சாய்ந்து உட்காரும் சன்னலோரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்க மாட்டாள். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.