இருட்டிலும் எடுக்கும் கேமரா

முக்கூடல் குற்றாலலிங்கத்திடம் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு. குக்கர் வாங்கினாலும் அதன் அருமை பெருமையைத் தெரு முழுக்க ஓதித் தீர்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்த மனுஷனை அந்த வாயே கொல்லப் பார்த்தது.

மின்வாரியத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. மனைவி பிரம்மநாயகி ஒரே நிபந்தனை போட்டாள். "நட்சத்திரத்த மட்டும் எடுக்கிற பெட்டியோட வாசப்படி ஏறாதிய. மக வளைகாப்பையும் அதுலதான் எடுக்கணும்."

எதை வாங்கலாம் என்று வண்ணார்பேட்டையில் கல்யாணப் படம் எடுக்கும் இஸ்ரவேலைப் போட்டுப் பிராண்டினார்.

"வானத்துக்குன்னே செய்யுத கேமரா, பக்கத்துல லேப்டாப் இல்லாம மூச்சு விடாது அண்ணாச்சி. சாதாரண கேமராவுக்குள்ள செவப்பு வெளிச்சத்தத் தடுக்கிற வடிகட்டியக் கழட்டிட்டா வானத்துச் செம்மேகமெல்லாம் நல்லா விழும். ஆனா உங்க மக மொகமும் செக்கச்செவேல்னு போயிரும்."

இரண்டு வருஷம் தேடி, எல்லாவற்றுக்கும் தோதான ஒன்றை வாங்கினார். வடிகட்டியில் கை வைக்காதது, தொலைநோக்கியிலும் மாட்டலாம், மங்கின வெளிச்சத்திலும் துல்லியமாக விழும். பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

அந்த ஐப்பசியில் பொதிகை மலைக்கு மேலே வால்நட்சத்திரம் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரை மேட்டில் கேமரா முக்காலியை ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கீழே மணல் திருடும் லாரி நின்றது கண்ணிலேயே படவில்லை. மூன்று பேர் ஏறி வந்தார்கள். தடியன் ஒருவன் சட்டையைப் பிடித்து ஓங்கி ஓர் அறை விட்டான். கண்ணாடி பறந்தது.

"ஏலே, எங்களையா படம் பிடிக்குத?"

"ஐயோ, இல்ல வே! வால்நட்சத்திரம். அங்கன பாரும்."

தடியன் பார்த்தான். வானத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. பிடி தளர்ந்தது.

"சரி. இந்த இருட்டுல எங்க மூஞ்சி இதுல விழாதுல்லா?"

விழாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் இட்லி தின்றிருக்கலாம். ஆனால் கேட்டது கேமராவைப் பற்றி அல்லவா?

"விழாதா? நல்லாக் கேட்டீரு வே! நம்ம கண்ணுக்குத் தெரியாததும் இதுக்குத் தெரியும். லாரி நம்பரு பளிச்சுன்னு விழும். இந்தா பாரும்!" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். வால்நட்சத்திரத்துக்குக் கீழே மூன்று முகமும் தெளிவாக இருந்தன.

மண்வெட்டிக் காம்பு வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அலறியவர் வாயில் ஒருவன் மணலை அள்ளித் திணித்தான். இன்னொருவன் நெஞ்சில் ஏறி மிதித்தான். விலா நொறுங்கியது, கடைவாய்ப் பல் இரண்டு ரத்தத்தோடு வந்து விழுந்தன. கேமராவைப் பாறையில் அடித்து ஆற்றில் வீசினார்கள்.

தடியன் குனிந்து காதோரம் பைய சொன்னான். "படம் விழுந்திச்சுன்னு வாயத் தொறந்தே, அடுத்து உன் பொண்டாட்டிதான். காலையில பால் வாங்க ஒத்தையிலதான வருதா?"

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏட்டையா வந்தார்.

"அண்ணாச்சி, கேமரா ஆத்துல கிடைச்சிட்டு. கார்டு உடையல. சென்னைக்கு அனுப்பினா உள்ள இருக்கிறத எடுத்துருவாங்க. ஆனா மசங்கின நேரம்லா? ஆள் மொகம் விழுந்திருக்குமா? நீங்க விழும்னா அனுப்புதேன். இல்லன்னா எதுக்கு வீண் வேலை?"

குற்றாலலிங்கம் பிரம்மநாயகியைப் பார்த்தார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வீங்கிய வாயைக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

"அது ஒண்ணுக்கும் ஆகாத கேமரா ஏட்டையா. இருட்டுல ஒண்ணுமே விழாது."

சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். விலா வலித்தும் அழுகை நிற்கவில்லை. இத்தனை அடியிலும் அவர் அழுதிருக்கவில்லை.

"விடுங்க அண்ணாச்சி," என்றார் ஏட்டையா, தொப்பியை எடுத்துக்கொண்டே. "அடுத்தவாட்டி நல்லா விசாரிச்சு வாங்குங்க."