பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒரு மனு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று தலை நரைத்தவள் நான். தோலைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கிப் பார்ப்போம். மேலே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே சத்தில்லாத தோல் சுருங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். பேச்சையும் அப்படி மடக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வீட்டில் இது யாருக்கும் பிடிக்காது.

கம்பெனி பஸ் தினமும் காலையில் எங்கள் தெரு முனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஹாரன் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று முனை வீட்டுக்காரர் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து பஸ் ஹைவேக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். என் மருமகள் அந்த பஸ்ஸில்தான் ஸ்டிச்சிங் வேலைக்குப் போகிறாள். அவளை லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்த நேரம். என் மகன் உட்கார்ந்த இடத்தில் தீர்ப்புச் சொன்னான்.

"ஒண்ணு, பஸ்ஸு இங்க வரணும். இல்லன்னா இவ வேலைய விடணும். வேற வழியே இல்ல."

"இருக்குதே. நீ வண்டில கொண்டுபோய் ரோட்டுக்கு அந்தாண்ட விடு."

"காலைல ஆறு மணிக்கா?"

"அப்ப தூக்கம் வருதுன்னு சொல்லு. வழி இல்லன்னு சொல்லாத."

மனு எழுத ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். பேனா என் கையில்.

எதிர்வீட்டுக்காரி முதலில் ஆரம்பித்தாள். "அந்தாளு சம்சாரமே கோவிச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. அவன் பேச்ச எவன் கேப்பான்னு எழுதுங்க பெரிம்மா."

"அவ போனதுக்கும் ஹாரனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஹாரன் தாங்காமத்தான் போயிருப்பா."

"அப்ப அந்தாளு சொல்றது கரெக்டுன்னு ஆவுதே."

அதை அடித்தேன். பக்கத்து பாய் வீட்டம்மா, பஸ் இங்கே நிற்க ஆரம்பித்த பிறகுதான் தெருவில் மூன்று பெண்களுக்குக் கல்யாணம் கூடிவந்தது என்றார்.

"மூணு பேரும் கம்பெனிக்குப் போறவங்களா?"

"ஒருத்திகூட இல்லக்கா."

மருமகளும் விடவில்லை. "இன்னிக்கு ஸ்டாப்ப எடுப்பாங்க அத்த, நாளைக்கு பஸ்ஸ எடுப்பாங்க, அப்பால கம்பெனியவே மூடிடுவாங்க."

"நீ ஸ்டாப்போட நில்லு. கம்பெனி வரைக்கும் போவாத."

எல்லாவற்றையும் அடித்த பிறகு, ஹைவேயைத் தாண்டுகிற ஆபத்து என்ற ஒரே காரணம் மிஞ்சியது. அழுத்தி மடக்கிப் பார்த்தேன், சுருங்கவில்லை. அதை மட்டும் எழுதினேன்: 'காலையில் லாரிகள் வேகமாக வருகின்றன. பெண்கள் உயிருக்கு ஆபத்து. ஆகையால் எங்கள் தெருவில் கம்பெனி பஸ்ஸை நிறுத்த வேண்டும்.' பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு சுத்தமான மனு இந்தத் தெருவிலிருந்து போனதில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸே வரவில்லை. மாதம் முடியவும் இல்லை. அன்றைக்கு மகன்தான் மருமகளை வண்டியில் கொண்டுபோய் விட்டான், கொட்டாவி விட்டுக்கொண்டே. "நாளைக்கு என்னால முடியாது" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

நான் கம்பெனிக்குப் போனேன். பஸ் பார்க்கிற ஆபீசர் சின்ன வயசு. முனை வீட்டுக்காரர் கடிதத்தையும் என் மனுவையும் ஒன்றாகப் பின் அடித்து வைத்திருந்தார்.

"நீங்கதானம்மா நிறுத்தச் சொன்னீங்க. அவராவது ஹாரன்னு எழுதுனாரு. நீங்க உயிருக்கே ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க. பதிமூணு கையெழுத்து வேற. அதான் உடனே நிறுத்திட்டோம்."

"நிறுத்தத்தான் சார் சொன்னேன். நிறுத்தச் சொல்லல."

நான் சொன்னது என் காதுக்கே பேஜாராகத்தான் இருந்தது.

உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் என் வரி சரியாகிவிடாதே. மனுவை வாங்கி இன்னொரு முறை படித்தேன். ஊரார் பேச்சையெல்லாம் மடக்கிப் பார்த்தவள், என் சொந்த வார்த்தையை மடக்கிப் பார்க்கவில்லை. ஒரே வார்த்தைக்குள் இரண்டு அர்த்தம் இருந்திருக்கிறது. நான் ஒன்றை வைத்து எழுதினேன், அவர் மற்றதை வைத்துப் படித்தார்.

அங்கேயே வேறு பேப்பர் வாங்கி எழுதினேன்: 'பஸ் தினமும் ஓட வேண்டும். எங்கள் தெரு முனைக்கு வந்து நின்று எங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பெண்கள் ஹைவேயைத் தாண்டக் கூடாது. டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டாம், நாங்கள் முன்பே வந்து நிற்போம்.' ஆபீசர் இரண்டு முறை சத்தமாகப் படித்தார்.

"இதுல ஒரே அர்த்தம்தானம்மா?"

"ஒண்ணுதான் சார்."

மறுநாள் பஸ் வந்தது. ஹாரன் இல்லை. மருமகள் இப்போது லைன் லீடர்.

அதிலிருந்து எதை எழுதினாலும் நானே படித்து முடித்துக்கொள்வதில்லை, பேத்தியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறேன். கண்ணு, இந்தா, இதைச் சத்தமாகப் படி. எழுதியிருக்கிறதை மட்டும் படி. ஆயா இன்னா சொல்ல வந்தாளோ என்று நீயாக எதையும் சேர்க்காதே.